திங்கட்கிழமை மூடியிருக்கும் வீடு

லாசரஸ் கப்பலேறியது சம்பாதிப்பதற்குத்தான். ஆனால் இத்தாலியில் ஒரு வீட்டைத் தேடிப் போனது, செத்துப்போன ஒரு பெண்மணியோடு சண்டை போடுவதற்கு.

அந்தப் பெண்மணியின் பெயர் அசுந்தா மெரோலி. வெல்லாரா என்ற சின்னத் துறைமுக ஊரில் வாழ்ந்த நாவலாசிரியை. அவருக்கும் முடிச்சூர் லாசரஸுக்கும் என்ன தகராறு என்றால், அது 2015 டிசம்பரில், வெள்ளத்தில் தொடங்கியது.

லாசரஸ் அப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். முடிச்சூரில் தரைத்தளத்தில் ஒற்றை அறை, அவரும் மனைவி ஷீலாவும். ஏரிக்கால்வாயையும் வயலையும் மனை போட்டு விற்றவர்கள் யாரும் அன்று இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கவில்லை. வாங்கியவர்களும் வாடகைக்கு இருந்தவர்களும்தான் நின்றார்கள். தெருமுனையில் இருந்த மாடிவீட்டுக்காரர் ஸ்ரீநிவாசன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வெளிப்படிக்கட்டைத் திறந்துவிட்டார். தெருவே மொட்டை மாடிக்கு ஏறியது. அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் குடிக்கத் தண்ணீர் காகிதக் கோப்பையில் வந்தது. ஒருவர் குடித்ததும் அதைக் கசக்கி எறிந்துவிட வேண்டும். "ஹைஜீன்" என்றார் ஸ்ரீநிவாசன். அதே ஹைஜீன் எதிர்வீட்டு இன்ஜினியர் குடும்பத்துக்கு எவர்சில்வர் டம்ளரில் வந்தது. வெள்ளம் வந்தால் மனிதர்கள் எல்லாம் ஒன்று என்று எழுதுகிறவர்கள் அந்த மாடிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஸ்ரீநிவாசனின் மனைவி பாலாம்பாள், பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவர். கீழே அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வாரிப்போட்டு மாடிக்குக் கொண்டுவந்து தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருந்தார். லாசரஸ் சும்மா உட்கார முடியாமல் அதில் ஒன்றை எடுத்தார். அட்டையில் பெண்கள் கல்லில் துணி அடிக்கும் படம். நம் வேலை ஆயிற்றே என்று பிரித்தார். 'சாம்பல் தண்ணீர்' என்று பெயர். இத்தாலியிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து தமிழுக்கும் வந்த நாவல்.

வெல்லாராவின் சலவைப் பெண்கள் ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்புகளைச் சாம்பல் கரைத்த தண்ணீரில் துவைக்கிறார்கள். சாம்பல் கையைத் தின்கிறது. தோல் வெடிக்கிறது. "எங்களுக்குச் சோப்பு கொடு" என்று ஒருநாள் எல்லோரும் துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கதை அதுதான்.

சர்ச்சில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல் லாசரஸுக்கு. மழை இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். அவர் வாசிக்க, மாடி முழுவதும் கேட்டது. முதல்நாள் பாதி. மறுநாள் மீதி. கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, ராத்திரி புத்தகத்தைத் திரும்ப வைத்த தொட்டியின் அடியில் மழைத்தண்ணீர் சேர்ந்திருந்தது. புத்தகத்தின் பின்பகுதி ஒட்டிக் களியாகிவிட்டது.

"அப்புறம் இன்னா ஆச்சு? சோப்பு குட்த்தானா இல்லியா?" என்று கேட்டார் ஆட்டோ ஓட்டும் சின்னப்பன்.

மாடி முழுக்க ஈரமும் பசியுமாக உட்கார்ந்திருந்த முகங்களை லாசரஸ் பார்த்தார். களியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு சொல் தடுக்காமல் வாசிக்கத் தொடங்கினார். ஓட்டலில் தங்கிய சீமான்கள் விரிப்பில்லாத மெத்தையில் படுத்து முதுகு அரித்துப்போய்க் கீழே இறங்கி வருகிறார்கள். முதலாளி வேறு வழியில்லாமல் சோப்புப் பெட்டியைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு, கடைத்தெரு வழியாகத் துவைகல்லுக்கே வருகிறான். பெண்கள் எழுந்து நின்று, அவனிடமே ஒரு சட்டையைக் கொடுத்துத் துவைக்கச் சொல்கிறார்கள்.

மாடி கைதட்டியது. படிக்கட்டு அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீநிவாசனும் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு தண்ணீர் ஒரு பெரிய சொம்பில் வந்தது. எல்லோரும் அதிலேயே தூக்கிக் குடித்தார்கள். யார் உத்தரவு என்று தெரியாது. பாலாம்பாளாக இருக்கும்.

படகு வந்து எல்லோரும் இறங்கியபோது அந்தப் புத்தகத்தைப் பாலாம்பாள் லாசரஸிடமே கொடுத்துவிட்டார்.

சில மாதம் கழித்துத் தாம்பரம் நூலகத்தில் அதே நாவலின் முழுப் பிரதி லாசரஸ் கண்ணில் பட்டது. அலமாரி ஓரத்தில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தார். பெண்கள் தோற்றுப்போகிறார்கள். ஒரு மழைக்காலையில், தலையைக் குனிந்துகொண்டு, பழைய கூலிக்கே, அதே சாம்பல் தண்ணீருக்குத் திரும்புகிறார்கள். நாவல் முடிகிறது.

கோபத்தில் வெளியே வந்தவர், பஞ்சர் ஒட்டக் கொடுத்திருந்த சைக்கிளை வாங்கத் துளசிங்கத்தின் கடைக்குப் போனார். மேற்குத் தாம்பரத்தில் அந்தக் கடையின் மாடியில்தான் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். கீழே சக்கரத்தைச் சுழற்றியபடி துளசிங்கம் லாசரஸின் புலம்பலை முழுக்கக் கேட்டிருக்கிறார்.

"இத்த என்னாண்ட சொல்லி இன்னா பிரயோசனம்? ஞாயித்துக்கெழம மாடிக்கி வா. அங்க கொஞ்சம் பேரு இதே பேஜாரத்தான் பேசிகினு கீறாங்க" என்று அனுப்பிவைத்தார்.

அப்படித்தான் லாசரஸ் எங்களுக்குக் கிடைத்தார். வந்த அன்றே என்னோடு மோதினார். அந்தக் காலத்தில் இப்படித் தொடங்கிய போராட்டங்களில் பெரும்பாலானவை அடித்து நொறுக்கப்பட்டவைதான், எழுத்தாளர் பொய் எழுதக்கூடாது, தோல்வியைத் தோல்வி என்று எழுதினால்தான் படிக்கிறவனுக்குக் கோபம் வரும் என்றெல்லாம் நான் சொன்னேன்.

"கோவம் வந்துச்சு சார். அந்தம்மா மேலதான் வந்துச்சு" என்றார் லாசரஸ். "நெசத்துல தோத்தவங்கள கதையிலயும் இன்னாத்துக்கு தோக்கடிக்கணும்? அவங்கள நேர்ல பாத்தா கேட்டுருவேன்."

"அவங்க செத்து ரொம்ப வருசமாச்சு."

"அவங்க வூட்ட நெனவில்லமா வெச்சிக்கிறாங்கன்னு பின்னட்டைல போட்டுக்கீது. வூட்டாண்ட போயாவது கேப்பேன்."

எல்லோரும் சிரித்தோம். துளசிங்கம் மட்டும், "போறதுக்கு முன்ன சொல்லு மச்சான், சைக்கிளுக்குக் காத்தடிச்சித் தரேன்" என்றார்.

பிறகு மருத்துவமனை நிர்வாகம் சலவைப் பிரிவை மூடி வேலையை வெளி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது. லாசரஸ் ஓர் ஏஜென்ட் மூலம் உல்லாசக் கப்பலொன்றில் சலவை வேலைக்குச் சேர்ந்தார். வெளுக்கிற வேலை என்றதும் சாதி என்னவென்று கேட்கிற ஊர் இது. கப்பலில் யாரும் சாதி கேட்கவில்லை, எந்த நாடு என்று கேட்டார்கள். பதிலைப் பொறுத்து மேல்தளமோ கீழ்த்தளமோ கிடைத்தது. லாசரஸுக்குக் கிடைத்தது கடல்மட்டத்துக்கும் கீழே, வெளிச்சத்துக்குச் சன்னல் இல்லாத சலவைக்கூடம். சில ஒப்பந்தங்கள் அப்படியே போயின. ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் மாடிக்கு வருவார். போன ஆண்டு கோடையில் கப்பலின் தடம் மாறியது. ஊழியர்கள் அறையில் ஒட்டிய துறைமுகப் பட்டியலில் வெல்லாரா இருந்தது.

துளசிங்கத்துக்கு உடனே வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. "மச்சான், அந்தம்மா வூட்டாண்டதான் கப்பல் நிக்கப் போவுது. காத்தடிச்சி வை."

முதல் முறை கப்பல் அங்கே நின்றபோது, உடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் ரொமெல்லோடு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு லாசரஸ் இறங்கினார். மேட்டுத் தெருவில் மூச்சு வாங்க ஏறினார். மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, பக்கத்தில் பித்தளைப் பலகையில் பெயர். கதவு பூட்டியிருந்தது. ஏதோ உள்ளூர்ப் பண்டிகை போல என்று நினைத்துத் திரும்பினார். அடுத்த வாரமும் பூட்டு. அப்போதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அன்று திங்கட்கிழமைதானே.

இந்தத் தவறை எங்கள் ஊர்க்காரர்தான் செய்ய முடியும். தமிழ்நாட்டில் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான். சிறுவயதிலிருந்து பூட்டிய கதவுகளைப் பார்த்துப் பார்த்து, புத்தகமும் பழைய சாமானும் இருக்கிற கட்டடம் எதுவானாலும் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமை மூடும் என்று லாசரஸ் மனதில் எழுதிவைத்திருந்தார். கப்பல் வெள்ளிக்கிழமை வரவில்லை என்று சந்தோஷம்கூடப் பட்டிருக்கிறார். மூன்றாவது முறை பூட்டின் முன்னால் நின்றபோது, எதிரில் ஐஸ்கிரீம் விற்கிற பெரியவர் பரிதாபப்பட்டு, அறிவிப்புப் பலகையில் ஒரு சொல்லைத் தட்டிக் காட்டித் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். திங்கட்கிழமை விடுமுறை. இந்தத் திங்கள் மட்டும் இல்லை, எல்லாத் திங்களும்.

கப்பலுக்கு வாரம் ஒரு சுற்று. அந்த வீட்டுக்கு வாரம் ஒரு விடுமுறை. இரண்டும் ஒரே கிழமையில் வந்து உட்கார்ந்துவிட்டன.

"அந்தம்மாக்கு விசயம் தெரிஞ்சிபோச்சி மச்சான், நீ சண்டைக்கி வரேன்னு. கதவ சாத்திக்கினாங்க" என்றார் துளசிங்கம்.

வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொள்ளும்படி ஷீலா போனில் சொன்னாராம். யாரிடம் வேண்டினாலும் திங்கள் செவ்வாயாகாது என்று நான் சொல்லி அனுப்பினேன். மாதா வழி விட்டாலும் கப்பல் கம்பெனி விடாது என்று ஷீலாவே பிறகு ஒத்துக்கொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பொறாமையும் இருந்தது. அங்கே வாரத்தில் ஒருநாள்தான் பூட்டு. நம் பக்கத்தில் ஓர் எழுத்தாளர் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போனால், பெரும்பாலும் அங்கே ஓர் அடுக்ககம் நிற்கும், வாசலில் காவலாளி "எந்த பிளாட்டு சார்?" என்று கேட்பார். நடுரோட்டில் திடீரென்று முளைத்த கோயிலுக்காகப் பேருந்துத் தடத்தையே வளைக்கிற ஊர், புத்தகம் எழுதியவரின் வீட்டுச் சுவரில் ஒரு பலகை மாட்ட ஆணி இல்லை என்கிறது.

கோடை முடிந்தது. வெல்லாராவில் கப்பல் கடைசியாக நிற்கும் வாரம் வந்தது. அதோடு கப்பல் அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கப் பக்கம் போகிறது. லாசரஸின் ஒப்பந்தமும் முடிகிறது. வயதும் ஐம்பதை நெருங்குவதால் இன்னொரு கப்பல் கிடைக்குமா என்பதே சந்தேகம். அன்று விட்டால் அந்த வீட்டை அவர் இனிப் பார்க்கப்போவதில்லை. கடைசி வாரம் என்பதால் கப்பலின் திரைச்சீலைகள் முழுவதையும் வெளுக்க வேண்டும், யாருக்கும் வெளியே போக அனுமதி இல்லை என்றார் மேற்பார்வையாளர். லாசரஸின் பங்கையும் தானே வெளுப்பதாகச் சொல்லி ரொமெல் மறுபடியும் கைகொடுத்தார். லாசரஸ் தன் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை அவருக்கு விட்டுக்கொடுத்து, வேலை உடுப்போடு, கையுறையைப் பின்பாக்கெட்டில் செருகியபடி இறங்கி ஓடினார்.

கதவு பூட்டியிருக்கும் என்று தெரியும். பின்பக்கச் சுவரையாவது தொட்டுவிட்டு, கேட்க வேண்டியதைச் சுவரிடம் கேட்டுவிட்டு வரலாம் என்று வீட்டைச் சுற்றிச் சந்துக்குள் நுழைந்தார்.

பின்கட்டில், தாழ்ந்த கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், வெள்ளை விரிப்புகள் கொடியில் படபடத்துக்கொண்டிருந்தன. நாவலாசிரியையின் கட்டிலில் விரித்துக் காட்டுகிற விரிப்புகள். விடுமுறை நாளில்தான் அவற்றைத் துவைப்பார்கள். ஒரு பெண் தனியாக ஒரு பெரிய விரிப்போடு போராடிக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனையைக் கடற்காற்று தரையில் இழுத்தது.

லாசரஸ் கம்பிக் கதவைத் தள்ளி உள்ளே போய், பறந்த இரண்டு முனைகளைப் பிடித்தார். அந்தப் பெண் ஒரு கணம் முறைத்தார். லாசரஸ் விரிப்பை இழுத்து விறைப்பாக்கி ஓர் உதறு உதறினார். பெண்ணும் உதறினார். முனையோடு முனை சேர்த்து மடித்து, இருவரும் எதிரெதிரே நடந்துவந்து, லாசரஸ் தன் முனைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து கீழ்மடிப்பைப் பிடித்துப் பின்னால் போனார். மறுபடி வந்தார். உலகத்தில் எந்தச் சலவைக்கூடத்திலும் இருவர் விரிப்பு மடிப்பது இப்படித்தான். கொடி காலியானபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சமையலறைக் கதவைத் திறந்து, காப்பி குடிக்கிற மாதிரி சைகை காட்டினார்.

அசுந்தா மெரோலியின் வீட்டுக்குள் லாசரஸ் நுழைந்தது இப்படி, பின்வாசல் வழியாக, மடித்த விரிப்புகளைச் சுமந்துகொண்டு.

அந்தப் பெண்ணின் பெயர் பினா. ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்காக அந்த வீட்டைத் துடைப்பவர். அவருக்கு ஆங்கிலம் வராது, இவருக்கு இத்தாலியம் வராது. நடுவில் மேசைமேல் போனை வைத்துக்கொண்டார்கள். இவர் தமிழில் பேச, அது இத்தாலியத்தில் சொன்னது.

"நான் இவங்களோட சண்ட போட வந்தேன்."

பினா போனையும் இவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இவங்க செத்துட்டாங்களே."

"தெரியும். ஒரு கத எழுதிக்கிறாங்க, அதுல முடிவு சரியில்ல."

தான் அதைப் படித்ததில்லை என்றார் பினா. மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் புத்தகம் இருக்கிறது, வாராவாரம் கண்ணாடியைத் துடைக்கிறேன், உள்ளே என்ன கதை என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை என்றார்.

லாசரஸ் சொல்லத் தொடங்கினார். போனுக்குப் புரியாத இடங்களில் நடித்துக் காட்டினார். துவைகல்லாக மேசை, சாம்பல் தண்ணீராகக் காப்பி. சாம்பல் கையைத் தின்கிற இடம் வந்தபோது பினா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. ப்ளீச்சிங் என்று சொல்லிப் புட்டியைக் காட்டினார். கையுறை கேட்டு மாதங்களாகிறது, நிறுவனம் அனுப்பவில்லை. ஒருமுறை கேட்டதோடு விட்டுவிட்டேன் என்றார்.

சலவைப் பெண்களின் கைகளைப் பற்றி எழுதியவரின் வீடு. அந்த எழுத்துக்காக வாசலில் பித்தளைப் பலகை. அதே வீட்டைத் துடைக்கிற பெண்ணின் கை வெந்துகொண்டிருக்கிறது. பலகை மாட்டுகிறவர்கள் எந்தத் தேசத்திலும் புத்தகத்தைப் பிரிப்பதில்லை போலும்.

"கடைசில என்ன ஆச்சு?" என்று கேட்டது போன், பினாவுக்காக.

லாசரஸ் எழுந்து நின்றாராம். பிறகு இல்லாத ஒரு சோப்புப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, சமையலறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு, ஓட்டல் முதலாளியாகத் தள்ளாடித் தள்ளாடி நடந்தார். பினா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

துறைமுகத்தில் கப்பலின் சங்கு ஒலித்தது. லாசரஸ் பின்பாக்கெட்டிலிருந்த கையுறையை எடுத்து மேசையில் வைத்தார். "இது ஒரு ஜோடிதான். மீதிய நீ கேளு. கேட்டுகினே இரு." அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு ஓடினார்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறே எங்கள் மாடியில் இதையெல்லாம் அவர் சொல்ல, இடம் போதாமல் படிக்கட்டில்கூட ஆட்கள். பாலாம்பாளும் வந்திருந்தார். அவருடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீநிவாசனும்.

"சரி, அவா எழுதின மேசை எப்படியிருந்தது?" என்று கேட்டார் ஸ்ரீநிவாசன்.

"மேசை மாடில கீதாம் சார். நான் மேல போகல."

மாடியே கொந்தளித்தது. துளசிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டார். "அட இன்னா மச்சான் நீ. எத்தினி வாரம் பூட்டப் பாத்துட்டு நின்ன, உள்ள போயி அடுப்பங்கரையப் பாத்துட்டு வந்துகிறியே. படிக்கட்டு ஏற முடியலயா?"

"டைம் இல்ல மச்சான். கத பாதில கீது, எப்டி எழுந்து போறது?"

"சண்டையாவது போட்டியா?"

"போட்டேனே. அவங்க வூட்டுக்குள்ளயே, அவங்க அடுப்பாண்டயே உக்காந்து என் முடிவச் சொல்லிட்டு வந்தேன். தப்புன்னா எழுந்து வந்து தப்புன்னு சொல்லட்டும்."

நாவலின் முடிவை மாற்றிச் சொல்ல உனக்கு உரிமை ஏது, அந்தப் பெண் நாளைக்கு யாரிடமாவது சொல்லி ஏமாறமாட்டாளா என்று நான் மல்லுக்கு நின்றேன். இறந்தவர்கள் எழுந்து வரமாட்டார்கள் என்கிற ஒன்றில்தான் லாசரஸும் நானும் ஒத்துப்போனோம்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும், முடிவு அதில்லைன்னு" என்றார் பாலாம்பாள். "வாயைத் திறக்கலை. சொம்பை எடுக்கத்தான் கீழே போனேன்."

ஸ்ரீநிவாசன் கைப்பையின் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து லாசரஸின் போனுக்கு ஒரு படம் வந்தது. அதே சமையலறை மேசை. மேலே ஓர் அட்டைப்பெட்டி நிறையப் புதுக் கையுறைகள். கீழே பினாவின் இத்தாலியம், இயந்திரத் தமிழில். ஞாயிற்றுக்கிழமை மாடியில் எழுந்து நின்று, சர்ச்சில் வாசிக்கிற அதே குரலில் லாசரஸ் வாசித்தார்:

"பல முறை கேட்டேன். மேலாளர் வந்தார். பெட்டி தலையில் இல்லை. ஆனால் அவரே தூக்கி வந்தார்."